வௌவால் சுரங்கத்துக் கோடை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை மூன்று பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுத வேண்டிய இடத்தில், 'இருக்கிறோம்' என்றுதான் எழுத வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. இத்தனை வருஷம் பஸ்ஸில் மிதித்த கிளட்ச் இப்போது திருப்பி மிதிக்கிறது என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொள்கிறார், படி இறங்கத்தான் யாராவது பக்கத்தில் வேண்டியிருக்கிறது. கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை வழக்கம்போல நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி போடுகிற பருவம் இது, காது மடலுக்கு ஏற்றபடி பிரேமை வளைத்து வளைத்து என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. கடிதம் என்ன கடிதம், போன் இல்லையா என்று நீ கேட்பாய். போனில் நீ ஒரு பக்கம் பேசுகிறாய், அப்பா குறுக்கே பேசுகிறார், நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது. போன தடவை "அவ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் தங்கை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிய்த்த துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ அங்கே இருந்துகொண்டு துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறாய். முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை கேட்டுவிட்டுப் பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்.

கோடை ஆராய்ச்சி என்ற பேச்சை இந்த வீட்டில் எடுத்ததே நீதான், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உயிரியல் படிக்கிற பிள்ளை கோடை விடுமுறையைத் தூங்கிக் கழித்தால் பட்டம் வாங்கின பிறகு எந்த லேபும் வாசலில்கூட நிற்கவிடாது என்று சொன்னாய், நல்லதுக்குத்தான் சொன்னாய். அவளும் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இடம் இடமாக விண்ணப்பம் போட்டாள். போட்ட இடமெல்லாம் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். "அனுபவத்துக்குத்தானே வர்றேங்கிறேன், அதுக்கே அனுபவம் கேட்டா நான் எந்தக் கடையில போய் வாங்குறது" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்துவாள். கடைசியில் நீதான் உன் பழைய பேராசிரியருக்குச் சொல்லிவைத்தாய், அவரும் எடுத்துக்கொண்டார். பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுத்த பிள்ளைகள், ஆராய்ச்சி நிலையத்திலேயே தங்கும் அறை, கையில் கொஞ்சம் உதவித்தொகை. அப்பா அவளுக்குக் கணுக்கால்வரை வருகிற பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குள் டொக் டொக்கென்று நடந்ததில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து யார் சுவரை இடிக்கிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி.

அங்கே அவளோடு அறையில் தங்கின பெண்ணைத்தான் நாங்கள் எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிட்டோம். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, கழுத்து மட்டும் தனியாக வளர்ந்தது போல இருக்கும், அவளே அந்தப் பேரைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களையும் கூப்பிடவைத்தாள். அம்மா மட்டும்தான் அவளுக்கு, ரொட்டிக் கடையில் கேக்குக்கு மேலே கிரீம் பூ போடுகிற வேலை. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். தன் பேர் அச்சில் வந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைச் சட்டம் போட்டு அந்தக் கடைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை என்று உன் தங்கை சொல்வாள். அவர்கள் இருவருக்கும் கிடைத்த வேலை வௌவால். நிலையத்துக்குப் பின்னால் கைவிட்ட சுரங்கம் ஒன்று இருக்கிறது, உனக்கும் தெரிந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் அதன் வாயில் வலை கட்டி, மாட்டுகிற வௌவாலை எடுத்து, எடை போட்டு, இறக்கையை அளந்து, பஞ்சுக் குச்சியால் வாயிலிருந்து எச்சில் எடுத்துக் குப்பியில் அடைத்துவிட்டுப் பறக்கவிட வேண்டும். அந்த எச்சிலில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சியே. வௌவாலைத் தொடுகிறவர்கள் வேலை தொடங்குவதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டுமாம். இந்தப் பிள்ளைகளுக்குப் போட வேண்டிய மருந்து இன்னும் வரவில்லை, வரும்வரை நீங்கள் வலையைப் பிடித்தால் போதும், குறிப்பு எழுதினால் போதும், கை வைக்க வேண்டாம் என்றுதான் பேராசிரியர் முதலில் சொன்னார். அதை நான் மறைக்கவில்லை. பிறகு வௌவாலைப் பிடிக்கிற மூத்த ஆராய்ச்சி மாணவர் வீட்டில் ஏதோ அவசரம் என்று ஊருக்குப் போய்விட்டார். குட்டி போடுகிற பருவம் முடிந்தால் வௌவால்கள் சுரங்கத்தை விட்டுப் போய்விடும், அடுத்த வருஷம்தான் பார்க்க முடியும். "மெல்ல பழகிக்கங்க, கையுறை இருக்கில்ல" என்று சொல்லி இவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். மருந்து வரவில்லை, கேட்டால் அடுத்த வாரம் என்றார்.

கடித்தது ஒட்டகத்தைத்தான். வலையிலிருந்து பிரித்து எடுக்கும்போது கையுறையைத் துளைத்துக்கொண்டு நடுவிரல் நுனியில் பல் இறங்கியிருக்கிறது. ஊசி குத்தினால் எப்படி இருக்கும், அவ்வளவுதான், ஒரு பொட்டு ரத்தம். அந்த இடத்தில் அப்போது இருந்தது மூன்று பேர்தான், ஒட்டகம், உன் தங்கை, பேராசிரியர். ஒட்டகம் போய் அவரிடம் விரலைக் காட்டினாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சோப்பு போட்டு நல்லா கழுவும்மா, இந்த வவ்வாலுங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமா சார் என்று கேட்டது உன் தங்கை. அதற்கு அவர் சொன்னதை அவள் எனக்கு அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினாள். "போனா பதிவு பண்ணுவாங்க. பதிவு பண்ணா நாளைக்கே சுரங்கத்துக்குப் பூட்டு. உங்க எல்லாரோட கோடையும் அத்தோட முடிஞ்சுது. யோசிச்சுக்கங்க." மிரட்டவில்லையாம், களைத்துப்போய்ச் சொன்னாராம். அறைக்கு வந்த பிறகும் உன் தங்கை அவளை விடவில்லை. நாமே பஸ் பிடித்துப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று கெஞ்சியிருக்கிறாள். மறுநாளும் சொல்லியிருக்கிறாள். "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது, சும்மா இருடி, எனக்கு இந்தப் பேப்பர் வேணும்" என்று ஒட்டகம் சிரித்து மழுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு உன் தங்கையும் விட்டுவிட்டாள். விரலும் ஆறிவிட்டது, மறந்தும்போயிற்று.

கோடை முடிந்து எல்லோரும் தங்கள் வேலையைப் பெரிய தாளில் ஒட்டி விளக்கிச் சொல்கிற நாளில் ஒட்டகத்துக்குத்தான் பரிசு. ஊருக்குப் போகிற வழியில் இரண்டு பேருமாக நம் வீட்டுக்கு வந்தார்கள். அவள் தலையை இடித்துக்கொள்ளக் கூடாதென்று அப்பா சமையலறை விளக்கைக் கழற்றி மேலே தூக்கிக் கட்டினார். நாற்காலியின்மேல் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு வௌவால் எப்படித் தலைகீழாகத் தொங்கியபடியே குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று அவள் நடித்துக்காட்டினதில் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அவள் ஊருக்குப் போய்க் கொஞ்ச நாளில் அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. உன் தங்கை பாத்திரம் துடைத்துக்கொண்டே பேசினாள். காய்ச்சல் என்று சேர்த்தோம், கையெல்லாம் குறுகுறுக்கிறது என்கிறாள், இப்போது தண்ணீர் டம்ளரைப் பார்த்தாலே அலறுகிறாள், டாக்டர் என்னென்னவோ கேட்கிறார், அங்கே ஏதாவது நடந்ததா, உனக்குத் தெரியுமா கண்ணு என்று அந்த அம்மா கேட்டிருக்கிறாள். உன் தங்கை கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. உடைந்த பீங்கான் நடுவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் வந்த ஒரே வார்த்தை, "வவ்வால்ம்மா, வவ்வால் கடிச்சதும்மா." வெறிநோய் நாய் கடித்தால்தானே வரும் என்று அப்பா கேட்டார். அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

கிடைத்த பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில், ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவிடம் உன் தங்கை விஷயத்தைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை, பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். எப்போது கடித்தது என்று மட்டும் கேட்டார். அந்த நோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லையாம், வலியும் பயமும் தெரியாமல் மயக்கத்தில் வைக்கலாம், அவ்வளவுதானாம். கடித்த அன்றே, அல்லது அதற்கு அடுத்த சில நாட்களில் போட்டிருந்தால் சாதாரண ஊசி போதுமாம். மகனே, இதை நீ படித்திருப்பாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெற்ற தாய்க்கு எதிரே நின்று ஒருவர் அதைச் சொல்வதை நீ கேட்டதில்லை அல்லவா. அந்த அம்மா வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், மணிக்கட்டில் ரோஸ் நிறக் கிரீம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒட்டகத்துக்கு இடையிடையே நினைவு தெளியும், தெளிந்தால் முழுசாகத் தெளியும். அப்படி ஒரு நேரத்தில் உன் தங்கைக்கு மேலங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே விட்டார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன், கதவு சரியாகச் சாத்தவில்லை, கேட்டது. படுக்கையின் நீளம் போதாமல் அவள் கால் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கை இரண்டையும் துணியால் கட்டியிருந்தார்கள். இவளைப் பார்த்ததும், "அழாதடி. எனக்குத் தெரியும். நாமதானே அதைப் பத்திப் படிச்சோம்" என்றாள். இவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ எத்தனை தடவை கையால பிடிச்ச? உனக்கும் எங்கயாவது கீறியிருக்கும். போய் முதல்ல ஊசி போட்டுக்கோ. போட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லு" என்றாள். உன் தங்கை அந்தக் கட்டடத்திலேயே கீழே போய் ஊசி போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்தபடியே மேலே ஓடிவந்தாள். அதற்குள் ஒட்டகத்துக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். பிறகு அவள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. உன் தங்கைக்கு மீதி ஊசிகளும் போட்டாகிவிட்டது, அவளுக்கு ஆபத்தில்லை என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். அதை எழுதும்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது. அப்படி மூச்சு வருவதை நினைத்தால் அந்த அம்மா முகம் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. சுரங்கத்தில் எடுத்துவைத்த எச்சிலை எல்லாம் பிறகு சோதித்துப் பார்த்தார்களாம். நோய் இருந்த குப்பி ஒட்டகம் தன் கையாலேயே மூடி ஒட்டின குப்பி.

இனி உனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். விசாரணை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பேராசிரியர் நம் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் அப்பா எதிரே உட்கார்ந்தார், டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது, தொடவில்லை. மனுஷர் பாதியாகிப் போயிருந்தார். உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார், உன் முதல் கட்டுரையை அவரே வரி வரியாகத் திருத்தினதைச் சொன்னார், குரல் உடைந்து கொஞ்ச நேரம் அழவும் செய்தார். நடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். பிறகு உன் தங்கையைப் பார்த்து, "கழுவச் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கும் போகச் சொன்னேன், அவதான் அலட்சியமா விட்டுட்டா. உனக்கு ஞாபகம் இருக்கும்லம்மா" என்றார். அவள் ஆறின டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் போன பிறகு, இறந்தவளுக்கு இனி எது சொன்னாலும் வலிக்காது, இருக்கிறவள் பிழைப்பைப் பார்க்க வேண்டாமா என்று அப்பாவும் முதலில் அவர் பக்கம்தான் சாய்ந்தார். அன்றைக்கே நீயும் கூப்பிட்டு, அவர் கேட்டபடியே சொல்லிவிடட்டும், அந்த மனுஷன் இல்லையென்றால் நான் இங்கே இல்லை என்றாய். உண்மைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. உன் வேலை நிரந்தரமாகிற நேரம், அங்கே உன் மேலதிகாரி அவருக்கு நண்பர் என்பதும் எனக்குத் தெரியும். உன் தங்கைக்கும் தெரியும். இதெல்லாம் புரியாமல் பேசிவிட்டாள் என்று மட்டும் நினைக்காதே.

விசாரணை கல்லூரியின் பழைய நூலக அறையில் நடந்தது. நானும் ஒட்டகத்தின் அம்மாவும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. உள்ளே மேசைக்குப் பின்னால் விசாரிக்கிறவர்கள் மூன்று பேர், ஓரத்தில் பேராசிரியர். கதவுக்கு மேலே இருந்த சின்ன ஜன்னல் திறந்திருந்ததால் சத்தமாகப் பேசினால் வெளியே விழுந்தது. கடித்த அன்று பேராசிரியர் சொன்னதை உன் தங்கை சொன்னபடியே சொன்னாள், மருந்து வராமல் கையில் வௌவாலைக் கொடுத்ததைச் சொன்னாள், போனால் சுரங்கத்துக்குப் பூட்டு என்றதைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர்கள் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "நானும் அங்கதான் இருந்தேன். எனக்கும் தெரியும். நானும் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். வெளியே வந்ததும் ஒட்டகத்தின் அம்மா எழுந்து நின்றாள். "அன்னைக்கே உனக்குத் தெரியுமா கண்ணு" என்று கேட்டாள். தெரியும் என்றாள் இவள். "ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேனே" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருக்கலாம்மா என்று பஸ்ஸில் உன் தங்கை சொன்னாள். 

பேராசிரியரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். சுரங்கத்தை அடைத்துவிட்டார்கள். கோடை ஆராய்ச்சித் திட்டத்தையே இந்த வருஷம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள், இனி உண்டா என்றும் தெரியாது. அதனால் கல்லூரியில் இவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஜூனியர் பெண் ஒருத்தி நடைபாதையில் வழிமறித்து, ரொம்ப மரியாதையாகத்தான், "உங்களால எங்க கோடை போச்சுக்கா" என்றாளாம். நற்சான்று எழுதித் தருவதாகச் சொல்லியிருந்த ஆசிரியை இப்போது எனக்கு நேரமில்லை என்கிறார். இவளும் எங்கேயும் விண்ணப்பம் போடவில்லை. கல்லூரி விட்டால் நேரே கண்ணாடிக் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸ் துடைக்கிறாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைக்கிறாள். முதலாளி பார்த்துவிட்டு, "அது போதும்மா, இனிமே துடைச்சா தேஞ்சுடும்" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். அவள் சாப்பிடுகிறாள், படிக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று அப்பா சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை. சரியாகிவிட்டாள் என்று உனக்குப் பொய் எழுத எனக்கு மனசில்லை.

உன்னை நான் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவளால் உன் வேலைக்கு ஏதாவது தடங்கல் வந்தால் அந்த வருத்தம் எனக்கும் உண்டு, பெற்ற வயிறு இரண்டு பக்கமும்தான் எரிகிறது. நீ படித்தவன், அவரிடம் உதவி பெற்றவன், அவருக்காக அழ உனக்கு உரிமை உண்டு. ஆனால் அவள் சும்மா இருந்திருக்கலாம் என்று மட்டும் இனி சொல்லாதே. ஒரு தடவை சும்மா இருந்ததைத்தான் அவள் இப்போது சுமந்துகொண்டு நடக்கிறாள். மருமகள் போனில் சொன்னாள், இந்தக் கோடைக்கு உன் லேபுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்களாம், அவர்களுக்கு நீதான் பொறுப்பாம். சந்தோஷம். வருகிற பிள்ளைகளுக்கு உன்மேல் பயம் இருக்கும், உன்னிடம் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று ஆசையும் இருக்கும், வலித்தால்கூட வலிக்கவில்லை என்பார்கள். நீ அதை நம்பாதே. அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேள், ஏதாவது பட்டுவிட்டது என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நீயே கூட்டிக்கொண்டு போ, வேலை நின்றால் நிற்கட்டும்.

குளிர் இன்னும் விடவில்லை என்றாய், குழந்தைக்குக் காது மூடுகிற தொப்பி போடு, நீயும் போட்டுக்கொள், உனக்குச் சின்ன வயசிலிருந்தே காதுதான் முதலில் அடைக்கும். மருமகளை நான் ரொம்ப விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நிறைவாக இருக்க வேண்டும், என் மனசு எப்போதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடமாட்டேன், போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நானும் அப்பாவும் வெளியே நடக்கப் போய்விடுவோம். அவள் பேசாமல் இருந்தாலும் இருப்பாள். அதற்காக நீ வைத்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா